ஆமை வேகத்தில் எரியும் பெல்ட்

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே ஐந்தோ பத்தோ ஏக்கர் நிலத்தோடு வீடு வைத்திருப்பவர்களின் கொட்டகையில் ஒரு விநோத வண்டி நிற்கும். அது காருமில்லை, டிராக்டருமில்லை. கதவு இருக்காது; இருந்தாலும் அரைக்கதவுதான். தலைக்கு மேலே இரும்புக் குழாயில் செய்த கூண்டு. ஸ்டியரிங், கால் பிரேக், சீட் பெல்ட் எல்லாம் கார் மாதிரியே. பின்னால் சாய்த்துக் கொட்டும் வசதியோடு ஒரு பெட்டி. அதில் வேலிக்கால் போகும், விறகு போகும், எரு போகும், களைக்கொல்லித் தொட்டி போகும், பல வீடுகளில் நாயும் போகும். பனிக்காலத்தில் முன்னால் ஒரு தகட்டை மாட்டி வழியில் கிடக்கும் பனியைத் தள்ளுவார்கள். யூடிவி என்பது பெயர். பல மாநிலங்களில் இதைப் பொதுச்சாலையில் இஷ்டத்துக்கு ஓட்டிவிட முடியாது. சொந்த நிலத்துக்குள் உழைக்கப் பிறந்த வண்டி இது.

1988இல் கவாசாகி 'மியூல்' என்ற பெயரில் இந்த வகையை விற்கத் தொடங்கியது. 1992இல் ஜான் டியர் 'கேட்டர்' வந்தது. 1990களின் முடிவில் போலாரிஸ் 'ரேஞ்சர்' வந்தது. பிறகு வசதிகள் கூடின, விலையும் கூடியது. பெயர்பெற்ற கம்பெனியின் நடுத்தர வண்டி இன்று சுமார் 15,000 டாலரைத் தொடுகிறது. குளிர்சாதன அறை வைத்த வண்டிகள் நல்ல காரின் விலைக்குப் போய்விட்டன. அந்த இடைவெளியில்தான் சீன ஆலைகள் நுழைந்தன. சோங்சிங், ஹாங்சோ போன்ற நகரங்களில் தயாராகி, 400 முதல் 700 சிசி வரை ஒற்றை சிலிண்டர் எஞ்சினோடு, ஏறக்குறைய பாதி விலைக்கு இறங்கும் வண்டிகள் அவை. வாங்குபவர் அதை எப்படிப் பராமரிப்பது என்று யோசிக்கும்போது கார் அனுபவத்தை எடுத்துக்கொண்டு வருகிறார். அங்கேதான் கணக்கு தவறுகிறது.

கார் வேகத்தாலும் தூரத்தாலும் தேய்கிறது. இந்த வண்டி தேய்வது மெதுவாகப் போவதால். மணிக்கு எழுபது கிலோமீட்டர் போகக்கூடிய வண்டி, தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ஐந்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் கழிக்கிறது. பாதி நேரம் நின்றபடியே எஞ்சின் ஓடுகிறது. அதனால்தான் இதன் ஆயுளைக் கிலோமீட்டரில் பேசுவதைவிட மணிநேரத்தில் பேசுவது பொருத்தம். டாஷ்போர்டில் அதற்கென்றே ஒரு மணிக்கணக்கு மீட்டர் இருக்கும். ஆயில் மாற்றுவது, வால்வு இடைவெளி பார்ப்பது எல்லாம் கையேட்டில் மணிக்கணக்கில்தான் போட்டிருப்பார்கள். மெதுவாகப் போவதில் அப்படி என்ன கஷ்டம்? அதைப் புரிந்துகொள்ள, இந்த வண்டியின் நடுவே இருக்கும் ஒரு ரப்பர் பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் இரண்டு கப்பிகள் தெரியும். ஒன்று எஞ்சின் பக்கம், மற்றது சக்கரத்தின் பக்கம். ஒவ்வொன்றும் கூம்பு முகம் கொண்ட இரண்டு தட்டுகளை எதிரெதிராக வைத்துச் செய்தது. தட்டுகள் நெருங்கினால் நடுவில் அகப்பட்ட பெல்ட் விளிம்பை நோக்கி மேலே ஏறும். விலகினால் அச்சை நோக்கிக் கீழே இறங்கும். பெல்ட்டின் நீளம் மாறாது. ஆகவே ஒரு கப்பியில் ஏறினால் மற்றதில் இறங்கியே தீர வேண்டும். வண்டி கிளம்பும்போது எஞ்சின் பக்கம் பெல்ட் சின்ன வட்டத்திலும் சக்கரப் பக்கம் பெரிய வட்டத்திலும் ஓடும்: எஞ்சின் மூன்று சுற்று சுற்றினால் மறுபக்கம் ஏறக்குறைய ஒரு சுற்று. வேகம் ஏற ஏற இது படிப்படியாகத் தலைகீழாகும். நடுவில் முதல் கியர், இரண்டாம் கியர் என்று படிகள் கிடையாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எண்ணற்ற கியர்கள் என்று சொன்னாலும் தவறில்லை.

இந்தத் தட்டுகளை நெருக்குவது யார்? கணினி இல்லை, சென்சார் இல்லை, ஆயில் அழுத்தம்கூட இல்லை. எஞ்சின் பக்கக் கப்பிக்குள் சரிவான பள்ளங்களில் ஆறோ எட்டோ உருளைகள் கிடக்கின்றன. எஞ்சின் சுழலும்போது அவை வெளியே ஓடப் பார்க்கும். பள்ளம் சரிவாக இருப்பதால் அந்த ஓட்டம் தட்டை உள்ளே தள்ளும். சுழற்சி இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நம்மூர் கியரில்லா ஸ்கூட்டரைக் கழற்றும் மெக்கானிக் 'வேரியேட்டர் ரோலர் தேய்ஞ்சு போச்சு' என்பாரே, அதே உருளைதான். 1980களில் கைனெட்டிக் ஹோண்டாவோடு இந்தியச் சாலைக்கு வந்த சாமான், இங்கே கொஞ்சம் பெரிய அளவில் அரை டன் சுமை இழுக்கிறது.

என்னை அதிகம் வியக்கவைப்பது மறுபக்கக் கப்பி. அதன் இரு தட்டுகளையும் ஒரு ஸ்பிரிங் எப்போதும் நெருக்கிப் பிடித்திருக்கிறது. நகரும் தட்டு நேராக நகராமல், சாய்ந்த பள்ளத்தில் திருகிக்கொண்டு நகரும்படி அமைத்திருக்கிறார்கள். வண்டி மேட்டில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் சுழல மறுக்கிறது. பெல்ட் அதைச் சுழற்ற முயல்கிறது. இந்த இழுபறி தட்டைச் சாய்ந்த பள்ளத்தின் வழியே திருகி, இன்னும் இறுக்கமாக மூடவைக்கிறது. தட்டு மூடினால் பெல்ட் அங்கே மேலே ஏறும். எஞ்சின் பக்கம் கீழே இறங்கும். அதாவது கியர் தானாகக் குறைகிறது. கூடவே, இழுக்க வேண்டிய நேரத்தில் பிடியும் கூடுகிறது. சுமையே தனக்கு வேண்டிய கியரைப் போட்டுக்கொள்கிறது. 1788இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினுக்குச் சுழலும் இரும்புக் குண்டுகளை வைத்து வேகக் கட்டுப்பாடு செய்தார். அந்த வம்சத்தில் வந்த பிள்ளை இது. மின்கம்பி ஒன்றுகூட இல்லாமல் நிலைமையை அறிந்து பதில் சொல்லும் இயந்திரங்கள் இன்று அருகிவிட்டன. மிச்சம் இருப்பதில் ஒன்று மலிவு வண்டியின் இருக்கைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது.

யோசனை புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவின் இந்தியானாவில் மில்டன் ரீவ்ஸ் என்பவர் மர அறுவை இயந்திரத்தின் வேகத்தை மாற்ற விரிந்து சுருங்கும் கப்பியைப் பயன்படுத்தினார். அதை முழுக் காருக்குக் கொண்டுவந்தவர் ஹாலந்தின் ஹப் வான் டூர்ன். அவருடைய டாஃப் 600 என்ற சின்னக் கார் 1958இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வந்தது: 590 சிசி எஞ்சின், இரண்டு ரப்பர் பெல்ட்டுகள், கிளட்ச் மிதி கிடையாது. அந்தக் காரில் ஒரு விசித்திரம். பெல்ட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமில்லாததால், ரிவர்ஸிலும் எல்லா வேகமும் கிடைத்தது. டச்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா, பழைய டாஃப் கார்களை வைத்துப் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தினார்கள். இன்றைய யூடிவியிலும் அந்தக் குணம் உறங்கிக்கொண்டிருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் எஞ்சின் ஓர் அளவுக்கு மேல் சுழலாமல் மின்பொறியை வெட்டிக் கட்டுப்படுத்துவது அதனால்தான். சேற்றில் மாட்டி, நிஜமாகவே பின்னோக்கி வேகம் தேவைப்பட்டால், அந்தத் தடையை நீக்க ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள்.

ரப்பர் பெல்ட்டை முரட்டு வேலைக்குப் பழக்கியது பனிப்பிரதேசம். 1959இல் கனடாவின் கியூபெக்கில் பொம்பார்டியே என்பவர் தன் 'ஸ்கி-டூ' பனிவண்டியை விற்கத் தொடங்கினார். அமெரிக்காவின் மினசோட்டாவில் பனிவண்டி செய்துகொண்டிருந்த போலாரிஸ், கோடைகாலத்திலும் விற்க ஒரு சரக்கு வேண்டுமென்று 1985இல் அதே பெல்ட்டை நாலு சக்கர மோட்டாரில் போட்டது. உறைபனிக் காற்றில் ஓடப் பழகிய பெல்ட் டெக்சாஸ் வெயிலுக்கு வந்து சேர்ந்த கதை இதுதான். அதன் எதிரி சூடு என்பதில் ஆச்சரியமில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 500 சிசி எஞ்சின் ஏறக்குறைய 20 கிலோவாட் கொடுக்கும். ரப்பர் பெல்ட் வாங்கியதையெல்லாம் அப்படியே கொடுத்துவிடாது. வளைவதிலும் நசுங்குவதிலும் சற்றே வழுக்குவதிலும் நூற்றுக்குப் பத்து பதினைந்து பங்கு சூடாகிப் போகிறது. முழு வீச்சில் அது 3 கிலோவாட் வரை. மூன்று இஸ்திரிப் பெட்டிகளைப் போட்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிவைத்தது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சூட்டை விரட்ட, கப்பியின் வெளிமுகத்தில் விசிறி இறக்கைகள் வார்க்கப்பட்டிருக்கும். கப்பி சுழன்றால் அவை வெளிக்காற்றை இழுத்து, சூடான காற்றைக் குழாய் வழியே தள்ளும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கப்பி வேகமாகச் சுழன்றால்தான் காற்று வரும். மெதுவாகப் போகும்போது விசிறியும் மெதுவாகச் சுழலும். ஆனால் மரக்கட்டையை இழுக்கும் வேலையில் பெல்ட்டின் மீது விழும் இழுவிசையோ உச்சத்தில் இருக்கும். சூடு அதிகம், குளிர்ச்சி குறைவு. சக்கரம் அறவே சுழலாமல் நின்று, ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எஞ்சின் பக்கக் கப்பி சுழல்கிறது, பெல்ட் அசையாமல் நிற்கிறது, ஒரே இடத்தில் தேய்கிறது. சில நொடிகளில் பெல்ட்டின் இரு பக்கமும் அந்த இடத்தில் குழிந்துவிடும். அதன்பின் வண்டி ஓடும்போதெல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும் 'தட், தட்' என்று ஒரு குலுக்கல் வரும். அது போகாது, பெல்ட்டைத்தான் மாற்ற வேண்டும்.

இதற்கு மருந்து கியர் லீவரில் இருக்கிறது. பெல்ட்டுக்குப் பிறகு ஒரு சின்ன கியர் பெட்டி உண்டு: 'எச்' என்றால் ஹை, 'எல்' என்றால் லோ. பலர் லோவைச் சேற்றில் மாட்டினால் மட்டும் தொட வேண்டியது என்று நினைக்கிறார்கள். லோவில் போட்டால், நிலத்தில் அதே வேகத்துக்குப் பெல்ட்டும் கப்பியும் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகச் சுழலும். பெல்ட்டின் மீது இழுவிசை பாதியாகும். காற்று கூடுகிறது, சுமை குறைகிறது. ஒரே அசைவில் இரண்டு நன்மை. வண்டி கத்துகிறதே என்று பயந்து ஹைக்குப் போகிறவர்தான் பெல்ட் வாங்கக் கடைக்குப் போகிறார். எஞ்சின் சத்தம் குறைவாக இருந்தால் வண்டிக்கு நிம்மதி என்பது கார் ஓட்டிப் பழகிய காதின் தீர்ப்பு. இங்கே அது செல்லாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் மணிக்கு இருபது கிலோமீட்டருக்குள் சுமை இழுக்கப் போகிறோம் என்றால், கேள்வியே வேண்டாம், லோதான்.

மலிவு வண்டிகள் சிலவற்றில் பெல்ட்டுக்கு முன்னால் எண்ணெயில் முங்கிய மையவிலக்கு கிளட்ச் ஒன்று இருக்கும். அந்த வகையில் கிளம்பும்போது வழுக்குவது கிளட்ச்தான். பெல்ட் எப்போதும் இறுகியே இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் கிளட்ச் குளிப்பது எஞ்சின் ஆயிலில். மலிவாகக் கிடைக்கிறதென்று காருக்கான ஆயிலை ஊற்றினால், உராய்வைக் குறைக்க அதில் கலந்த ரசாயனம் கிளட்ச்சையும் வழுக்கவைக்கும். மோட்டார்சைக்கிள் ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்று அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். கையேட்டில் அதைக் கேட்டிருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும்.

பெல்ட்டும் லேசுப்பட்ட ரப்பர் அல்ல. உள்ளே அராமிட் நூல்கள் ஓடுகின்றன. 1965இல் டூபான்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த, துப்பாக்கிக் குண்டு துளைக்காத கவசத்துக்கு ஆகும் இழையின் குடும்பம். உள்பக்கம் பற்கள் வெட்டியிருப்பது கோத்துக்கொள்ள அல்ல. சின்ன வட்டத்தில் சிரமமில்லாமல் வளையவும், காற்றுபட்டு ஆறவும் அந்தப் பற்கள். சூடு பத்து டிகிரி கூடினால் பெல்ட்டின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் ஒரு கைக்கணக்கு. அது அறுந்தால் நூல்கள் அச்சில் சுற்றி, ஆயில் சீலைக் கிழித்து, கியர் பெட்டி வரை சேதம் போகும். புது பெல்ட் போடும்போது பழைய நூல் துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்குவதும், கப்பித் தட்டுகளை ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைப்பதும், பெல்ட்டின் மேலுள்ள அம்புக்குறி ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்று கவனிப்பதும் முக்கியம். புது பெல்ட்டை முதல் சில மணிநேரம் சுமையில்லாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டி, கப்பியோடு பழகவிட வேண்டும்.

மெதுவாகப் போவதன் இரண்டாவது தண்டனை எஞ்சினுக்குள் நடக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் கணக்கு எளிது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறென்ன ஆகும்? பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். நெடுந்தூரம் ஓடும் காரில் ஆயில் நன்றாகச் சூடாகி அந்த ஈரத்தை விரட்டிவிடும். கொட்டகையிலிருந்து வேலி வரை போய் நிறுத்தி, அரை மணி கழித்துத் திரும்பி வரும் வண்டியில் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. குளிர்நாட்டில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளுத்த குழம்பாகப் படிந்திருப்பது அதுதான். எனவே மணிக்கணக்கு நிறையாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆயில் மாற்ற வேண்டும். புது வண்டியில் முதல் ஆயில் மாற்றம் இன்னும் முக்கியம். புது கியர்களும் வளையங்களும் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது உதிர்க்கும் இரும்புத் துகள் அந்த ஆயிலில்தான் மிதக்கிறது. மலிவு ஆலைகளில் பாகங்களின் முகம் அவ்வளவு நேர்த்தியாகத் தேய்க்கப்பட்டிருக்காது. ஆகவே முதல் இருபது மணிநேரத்தில் ஆயிலோடு முன், பின் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் மாற்றிவிடுவது பணத்துக்கு மதிப்பான காரியம். அப்படியே எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடலாம். மலிவு விலையில் மிச்சமான பணத்தின் ஒரு பகுதி ஆலையில் யாரோ செய்திருக்க வேண்டிய சரிபார்ப்பு. அதை வாங்கியவர் கையில் ஸ்பேனர் பிடித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

ரேடியேட்டரின் கதையும் அதே. கார் ஓடும் வேகத்தில் காற்று தானாக மோதும். எட்டு கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காற்று ஒன்றுக்கும் உதவாது. ஒரு சின்ன மின்விசிறிதான் கதி. உயரமான புல்லுக்குள் போகும்போது விதைகளும் சருகும் ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்துவிடும். வெளியிலிருந்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் குப்பை இன்னும் உள்ளே போகும், மெல்லிய அலுமினியத் தகடுகளும் மடங்கும். உள்பக்கத்திலிருந்து வெளியே, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும்.

தூசும் அப்படித்தான். 500 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் முழுமூச்சு வாங்கினால் ஆயிரம் லிட்டர் காற்று வரை உள்ளே போகும். வறண்ட நிலத்தில் அந்தக் காற்றில் குவார்ட்ஸ் பொடி இருக்கும். கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவையில் அது 7. சிலிண்டர் சுவரின் இரும்பைவிடக் கடினம். வடிகட்டியில் சின்ன இடைவெளி போதும், ஒரு பருவத்தில் வளையங்கள் தேய்ந்து புகை கக்கும். வடிகட்டிப் பெட்டியைத் திறக்கும்போது அங்கே சுண்டெலிக் கூடு இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். கதகதப்பான, இருட்டான, யாரும் வராத இடம் அதற்கு வேறெங்கே கிடைக்கும்? எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும். கொறித்தே ஆக வேண்டும், மின்கம்பியானாலும் சரி.

நிற்கும் வண்டியில் பெட்ரோலும் நிற்காது. அமெரிக்காவில் பெரும்பாலான பெட்ரோலில் பத்து விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள். இந்தியாவில் இப்போது இருபது வரை போய்விட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓரளவுக்கு மேல் உறிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, மிஞ்சியது பிசினாகும். கார்புரேட்டரின் சின்ன ஜெட்டில் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது அடைபட எவ்வளவு பிசின் வேண்டும்? மலிவு வண்டி வாங்குபவர் கார்புரேட்டர் மாடலுக்கும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் மாடலுக்கும் இடையில் தடுமாறினால், சில நூறு டாலர் அதிகம் போனாலும் இன்ஜெக்ஷனை எடுப்பதே நல்லது என்பேன். கார்புரேட்டரைச் சொந்தமாகக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவருக்கு மட்டும் விதிவிலக்கு.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த வண்டி நிலத்துக்குச் செய்யும் ஒரே கருணை அதுதான். டயர் தரையைத் தொடும் பரப்பு, சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு நெருக்கமாக இருக்கும். ஆளோடு சேர்த்து 800 கிலோ, டயரில் 12 பிஎஸ்ஐ என்றால், நாலு டயரும் சேர்ந்து சுமார் 950 சதுர செ.மீ. பரப்பில் நிற்கின்றன. சதுர செ.மீ.க்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். 32 பிஎஸ்ஐயில் ஓடும் கார் அதைவிட இரண்டரை மடங்குக்கும் மேலாக அழுத்துகிறது. ஈரப் புல்லில் கார் புதையும், இது புதையாது. ஆனால் பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்ட நிலையில் திரும்பினால், உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு தூரம் போக வேண்டியிருக்க, ஒன்று உரசியே தீரும். புல்வெளி கிழியும். டிஃபரன்ஷியலைத் திறந்துவிடும் பொத்தான் சில வண்டிகளில் உண்டு. மலிவு மாடல்கள் பலவற்றில் அது இருக்காது. பின் அச்சு எப்போதும் பூட்டியே இருந்தால் வீட்டு முன்புறப் புல்வெளியை மறந்துவிட வேண்டியதுதான்.

கடைசியாக, மெதுவான வேகத்தின் மிகப் பெரிய ஏமாற்று: கவிழ்வது. 2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், யமஹாவின் 'ரைனோ' வண்டிகளுக்கு இலவசப் பழுது நீக்கத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஆணையம் ஆராய்ந்த ஐம்பதுக்கு மேற்பட்ட சம்பவங்களில் 46 பேர் இறந்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கவிழ்ந்தவை. அவற்றில் பல, சமதரையில், குறைந்த வேகத்தில் திரும்பும்போது நடந்தவையாகத் தெரிந்தன. சமதரையில் எப்படிக் கவிழும்?

இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை, எடைமையத்தின் உயரத்தால் வகுங்கள். வரும் எண்தான் கவிழும் எல்லை. சாதாரணக் காருக்கு 1.4 வாக்கில் வரும். அகலம் 120 செ.மீ., எடைமையம் 65 செ.மீ. உயரத்தில் உள்ள யூடிவிக்கு 0.92 வரும். பின்பெட்டியில் 200 கிலோவை ஒரு மீட்டர் உயரத்தில் ஏற்றினால் எடைமையம் மேலே போய், அதே எண் 0.83 ஆகிவிடும். காய்ந்த கெட்டித் தரையில் டயரின் பிடிப்பு எண் 0.9ஐத் தொடலாம். கார் வேகமாகத் திரும்பினால், கவிழும் எல்லையை எட்டுமுன்பே பிடி நழுவி வழுக்கும். அது ஒருவிதத்தில் பாதுகாப்பு. சுமையேற்றிய யூடிவியில் பிடிப்பு கவிழும் எல்லையைவிட அதிகம். வழுக்குவதற்கு முன்பே சாயும். ஐந்து மீட்டர் ஆரத்தில் வளைந்தால், மணிக்கு வெறும் 23 கிலோமீட்டரில் உள்சக்கரங்கள் தரையை விட்டு எழும். சேற்றையும் ஈரப்புல்லையும் பார்த்துப் பயப்படுகிறவர், நன்றாகக் காய்ந்த கெட்டி நிலத்தில் அலட்சியமாகத் திரும்புகிறார். ரைனோவுக்குச் சொன்ன சிகிச்சையும் இந்தக் கணக்கையொட்டியதே: பின்சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தைக் கூட்டும் துண்டுகளைப் பொருத்தி, பின்பக்கச் சாய்வுத் தடுப்புக் கம்பியைக் கழற்றினார்கள். களைக்கொல்லித் தொட்டி பாதி நிறைந்திருந்தால் இன்னும் ஆபத்து. உள்ளே தண்ணீர் வளைவுக்கு வெளிப்பக்கமாக ஓடிச் சேரும். இத்தனைக்கும் கூண்டும் சீட் பெல்ட்டும் இருப்பதால், ஏறி உட்கார்ந்து ஓட்டும் குவாட் பைக்கைவிட இது தேவலை. ஆஸ்திரேலியா 2021 அக்டோபரிலிருந்து புதுக் குவாட் பைக்குகளில் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் சட்டகம் பொருத்துவதைக் கட்டாயமாக்கியது. சில பெரிய கம்பெனிகள் அங்கே குவாட் விற்பதையே நிறுத்திக்கொண்டன. பண்ணைக்காரர்கள் யூடிவிப் பக்கம் திரும்பினார்கள். ஆனால் கூண்டு காப்பது சீட் பெல்ட் மாட்டியவரை மட்டும்தான். கை காலை வெளியே நீட்டி வண்டியைத் தாங்கப் பார்க்கிறவரின் கையை அந்தக் கூண்டே நசுக்கிவிடும்.

இதையெல்லாம் மனதில் வைத்துப் பழைய மலிவு வண்டி ஒன்றைப் பார்க்கப் போகிறவர் பெயிண்டைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பெல்ட் மூடியைக் கழற்றச் சொல்லலாம், நாலைந்து போல்ட்தான். தட்டுகளில் நீலம் பாய்ந்த வட்டமோ பெல்ட்டில் குழியோ தெரிந்தால், லோ கியர் தொடாத கை ஓட்டியிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினைத் தானே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். ஆயில் மூடியின் உள்பக்கம், வடிகட்டிப் பெட்டி, ரேடியேட்டரின் பின்முகம் ஆகிய மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் பேசும். பாகம் கிடைக்குமா என்பதுதான் மலிவு வண்டியில் கடைசிக் கேள்வி. விற்ற கம்பெனி மூடிவிட்டால் பல பேர் கைவிட்டுவிடுகிறார்கள். அவசியமில்லை. ஒரே ஆலையிலிருந்து வந்த வண்டி நாலைந்து பெயர்களில் விற்கப்படுவது இந்த வியாபாரத்தில் சகஜம். முகப்பில் ஒட்டியிருக்கும் பெயரை விட்டுவிட்டு, எஞ்சின் உடலில் பொறித்திருக்கும் எண்ணையும் பழைய பெல்ட்டின் அகலத்தையும் வெளிச்சுற்றளவையும் குறித்துக்கொண்டு தேடினால், வேறொரு பெயரில் அதே பாகம் கிடைத்துவிடுகிறது.